முகத்தைத் திறந்த கை

திருத்தணி,
8.11.2020

அன்புத் தம்பி ஸ்ரீதருக்கு,

அக்கா அனுசுயா எழுதுவது. உடம்பு என்று பார்த்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை. சர்க்கரை மாத்திரை நேரத்துக்கு உள்ளே போகிறது. பூனாவில் நீயும் ஷோபனாவும் எப்படி இருக்கிறீர்கள்? உன் மகள் துர்கா கனகம்மாசத்திரத்தில் மாமியார் வீட்டில் நன்றாக இருப்பதாகப் பக்கத்து வீட்டார் மூலம் சொல்லி அனுப்பினாள்.

நான் போனை எடுப்பதில்லை என்று நீ வருத்தப்பட்டதாகத் தெரிந்தது. என் வீட்டுக்காரர், உன் பாவா, அவர் குரலைக் கடைசியாக அந்தப் போனில்தான் கேட்டேன். அது அடித்தாலே என் கை பின்னால் போய்விடுகிறது. கரும்பலகையில் எழுதியே காலம் கழித்தவள் நான். எழுதினால் நிதானம் வருகிறது, அழுகை வருவதில்லை. நீயும் எழுது.

மலைக்கோயில் திறந்ததிலிருந்து ஊர் பழையபடி ஆகிவிட்டது. பூக்கடை, மொட்டை போடும் இடம், பேருந்து நிலையம், எங்கே பார்த்தாலும் மாஸ்க் தாடையில் தொங்குகிறது. ஆய்வாளர் வருகிறார் என்றால் பிள்ளைகள் சட்டைப் பொத்தானைப் போடுவார்கள் அல்லவா, அதுபோலப் போலீஸ் ஜீப்பைக் கண்டால் மேலே ஏறுகிறது, ஜீப் திரும்பினால் கீழே இறங்குகிறது. உன் பாவா ஒருவர்தான் இழுப்பு நோய்க்குப் பயந்து, என் பள்ளிப்பட்டு நீலக்கட்டம் சேலையில் நான் தைத்துக் கொடுத்ததை மூக்கை விட்டு இறக்காமல் போட்டிருந்தார். துர்கா கல்யாணத்துக்கும் அதைப் போட்டுக்கொண்டுதான் மண்டபத்துக்குள் வந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் கடைசியாகப் பேசியது இதுதான். "நான் கழட்டல, அனு. கழட்டிட்டாங்க." யார் என்று கேட்டேன். "வுடு" என்றார். அதற்குமேல் இருமல்தான்.

நான் அந்த நேரத்தில் பந்தியைக் கவனித்துக்கொண்டிருந்தேன். மேடையில் அவர் பக்கத்தில் நின்றவன் நீ. அதனால் உன்னைக் கேட்கிறேன். கழற்றியது யார்? எனக்கு அந்த ஒரு பெயர் வேண்டும்.

ஷோபனாவின் முட்டி வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

உன் அக்கா,
அனுசுயா


பூனா,
24.11.2020

பாசமுள்ள அக்காவுக்கு,

தம்பி ஸ்ரீதரின் நமஸ்காரம். நாங்கள் இருவரும் சுகம். ஷோபனாவின் முட்டிக்கு உன் ஒத்தடம் கேட்கிறது. வேளைக்குச் சாப்பிடு. நீயும் படுத்துவிட்டால் எங்களுக்கு யார்?

நீ கேட்டதற்குப் பதில் எழுத நாலு தடவை உட்கார்ந்து எழுந்தேன். பாவா ஏன் பெயரைச் சொல்லவில்லை என்று எனக்குப் புரிகிறது. அவர் மனசு அப்படி. ஆனால் நீ கேட்டுவிட்டாய்.

மண்டபத்துக்காரர் பங்காருதான். மைக்கைப் பிடித்துக்கொண்டு "மூஞ்சிய மூடிக்கினு யாரும் ஆசீர்வாதம் பண்ணாதீங்க, போட்டோல திருடங்க மாதிரி வரும்" என்று கத்தியது உன் காதிலேயே விழுந்திருக்கும். மாப்பிள்ளையின் பெரியப்பா வேறு, "எங்க மூஞ்சியப் பார்த்தா நோய் வந்துடுமா" என்று சிரித்தார். சம்பந்தி வீட்டார் முகம் சுளித்தால் தன் மண்டபத்துக்குக் கெட்ட பெயர் என்று பங்காரு நினைத்திருப்பார். பாவாவின் பக்கத்தில் வந்து, விளையாட்டுப்போல மாஸ்க்கை இழுத்துவிட்டார். அந்தப் பெரியப்பா இருமிக்கொண்டே நின்றது உனக்குத் தெரியும். மறுவாரம் அவரும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தார்.

பங்காருவை விடாதே அக்கா. நானாக இருந்தால் விடமாட்டேன்.

உன் அன்புத் தம்பி,
ஸ்ரீதர்


திருத்தணி,
6.1.2021

அன்புத் தம்பிக்கு,

இங்கே பனி அதிகம். மற்றபடி நான் திடமாகவே இருக்கிறேன். உங்கள் ஊர்க் குளிரில் ஷோபனாவைக் காலையில் வெளியே அனுப்பாதே.

நீ பெயர் எழுதிய நாளிலிருந்து எனக்குப் பசி எடுக்கிறது. இது நல்லதா கெட்டதா தெரியவில்லை. ஆத்திரம் வந்தால் தலை சுற்றும் என்பார்கள். எனக்கு அப்படி இல்லை. கணக்குப் பாடத்தில் வழி கிடைத்துவிட்டால் பிள்ளைகள் ஒரு மாதிரி அமைதியாவார்கள் பார், அப்படி இருக்கிறது.

தை பிறந்தால் கல்யாணம். பங்காருவின் மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போனேன். பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள், மீதிப் பேர் அவர்கள் பிள்ளைகள். சத்தம் போடவில்லை. "உங்க வீட்டுப் பெரியவருக்கு இழுப்பு இருக்குதா? அந்த மண்டபத்துல மாஸ்க்கைக் கழட்டுவாங்க. என் வீட்டுக்காரருக்குக் கழட்டுனாங்க" என்று மட்டும் சொன்னேன். காபி குடித்தேன், வந்தேன். தை முகூர்த்தத்தில் அவர் மண்டபத்து வாசலில் வாழை மரம் கட்டுகிற வேலை அதிகம் இருக்காது.

போதாது. பெயர் மட்டும் இருந்தால் அவர் இல்லை என்பார். எனக்குப் படம் வேண்டும். மேடையில் எடுத்த படங்களைக் கொஞ்சம் அனுப்பு. கல்யாண ஆல்பம் உன்னிடம்தானே இருக்கிறது?

கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடாதே. பேரன் பேத்தி வந்தபிறகு காட்டலாம்.

உன் அக்கா,
அனுசுயா


பூனா,
9.2.2021

பாசமுள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். உன் கடிதம் கண்டு மனசு குளிர்ந்தது. எங்களுக்கு உடம்பில் தொந்தரவு ஏதுமில்லை. இங்கே மாஸ்க் இல்லாமல் தெருவில் நடந்தால் அபராதம். அப்படியும் டீக்கடையில் எல்லாரும் கழற்றிவிட்டுத்தான் அரசியல் பேசுகிறார்கள்.

ஒரு நல்ல செய்தி. துர்கா உண்டாகியிருக்கிறாள். எனக்கும் இந்த வருஷம் வேலை முடிகிறது. அரக்கோணம் சாலையில் வாங்கிப் போட்ட மனையில் வீடு கட்டி ஊரோடு வந்துவிடலாம் என்று இருக்கிறேன். கடைசிக் காலத்தில் உன் பக்கத்தில், நாலு பேர் மதிக்க இருந்துவிட்டால் போதும்.

ஆல்பம் சம்பந்தி வீட்டில் இருக்கிறது. நான் பார்த்தவரை அந்த நேரத்துப் படம் எதுவும் அதில் இல்லை. போட்டோகிராபர் அப்போது சாப்பிடப் போயிருந்தார் என்று நினைவு.

படம் எதற்கு அக்கா? வாசகம் போதும். பாவாவின் முதல் வருஷ நினைவஞ்சலிக்குப் பேனர் வைக்கப் போகிறோம் அல்லவா? அதில் பங்காருவின் பெயரைப் போடாமலே இப்படி எழுது: "ஆசீர்வதிக்க வந்தவரின் முகத்தைத் திறந்த கையை இந்த ஊர் மறக்காது." படிக்கிறவர்களுக்குப் புரியும். கீழே என் பெயரையே போடு, மைத்துனன் ஸ்ரீதர் என்று, படத்தோடு. நீ தனி மனுஷி, பங்காரு சண்டைக்கு வந்தால் உனக்குச் சிரமம். யார் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். என் பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன் அன்புத் தம்பி,
ஸ்ரீதர்


திருத்தணி,
28.3.2021

அன்புத் தம்பிக்கு,

துர்கா செய்தி கேட்டுக் கற்கண்டு வாங்கிப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தேன். நான் சௌகரியமே. வெயில் தொடங்கிவிட்டது. மறுபடி நோய் ஏறுகிறது என்கிறார்கள், ஆனால் தேர்தல் கூட்டத்தில் ஒரு வாயும் மூடியில்லை.

உன் வாசகத்தைப் பத்துத் தடவை வாய்விட்டுப் படித்தேன். நீ பள்ளியில் கட்டுரை எழுத மாட்டாயே, இவ்வளவு நன்றாக எப்போது எழுதக் கற்றாய்? ஒரு எழுத்தையும் மாற்றப் போவதில்லை.

பங்காரு வீட்டுக்கு வந்தார். மாஸ்க்கைத் தாடையில் வைத்துக்கொண்டே வாசற்படியில் உட்கார்ந்தார். நான் உள்ளே கூப்பிடவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீயும் சிரி.

"டீச்சர், மைக்ல கத்தினது நான்தான். அதுக்கு எந்தத் தண்டன வேணா குடுங்க. ஆனா மேடை மேல நான் ஏறலீங்க. மண்டபத்துக்காரன் மணமேடை ஏற மாட்டான், அது பொண்ணு மாப்ள வூட்டுக்காரங்க எடம். எந்தக் கல்யாணத்துலனா என்ன மேடையில பாத்துகீறீங்களா?"

அப்படியானால் கழற்றியது யார் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, என் வாசல் கோலத்தைப் பார்த்தார். "அத நான் சொன்னா நல்லா இருக்காதுங்க" என்றார். எழுந்து போய்விட்டார்.

தப்புச் செய்த பையனிடம் கேட்டால் பக்கத்துப் பெஞ்சைக் காட்டுவான். இவர் பக்கத்துப் பெஞ்சைக் காட்டக்கூட இல்லை. அவ்வளவு தைரியம்.

மேடையில் அவர் நின்றதை நீ கண்ணால் பார்த்தாய்தானே? ஒரு வரி எழுதிப் போடு. எனக்கு அது போதும்.

உன் அக்கா,
அனுசுயா


பூனா,
20.6.2021

அக்காவுக்கு,

நமஸ்காரம். இவ்வளவு தாமதத்துக்கு மன்னித்துக்கொள். ஊரடங்கு, தபால் ஒழுங்காக இல்லை, எங்கள் குடியிருப்பில் நிறையப் பேர் போய்விட்டார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் காய்ச்சல் வந்து தெளிந்துவிட்டது. நீ பத்திரமாக இருக்கிறாய் என்று துர்கா சொன்னாள், நிம்மதி.

சுற்றிலும் இத்தனை சாவைப் பார்த்தபிறகு எனக்கு ஒன்று தோன்றுகிறது. பேனர் வேண்டாம் அக்கா. பங்காருவும் நோயில் விழுந்து எழுந்தார் என்று கேள்விப்பட்டேன். மண்டபமும் பூட்டிக் கிடக்கிறதாம். பாவமாக இருக்கிறது. யாரோ, எப்போதோ, ஒரு நல்ல காரியத்தில் நாலு பேருக்கு முன்னால் சங்கடப்பட்டு, யோசிக்காமல் செய்தது. வேண்டுமென்று யாரும் செய்யவில்லை. பாவாவே "வுடு" என்றுதானே சொன்னார்?

கோயிலில் அவர் பெயருக்கு ஒரு அர்ச்சனை செய்துவிட்டு முடித்துக்கொள்ளலாம். மனை வேலை தொடங்கிவிட்டது. மேஸ்திரி உன்னைப் பார்க்க வருவார்.

உன் தம்பி,
ஸ்ரீதர்


திருத்தணி,
11.7.2021

அன்புத் தம்பிக்கு,

காய்ச்சல் வந்து போனதை அப்போதே எழுதியிருக்கலாம். இப்போது மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏற முடிகிறதா? ஷோபனாவுக்கு நாக்கில் ருசி திரும்பிவிட்டதா? நான் இரண்டாவது ஊசியும் போட்டுக்கொண்டேன்.

மன்னிப்பைப் பற்றி எழுதியிருந்தாய். யோசித்தேன். யோசித்துக்கொண்டே நினைவஞ்சலிக்கு நல்ல படமாக எடுக்கலாம் என்று வளவன் கடைக்குப் போனேன். துர்கா கல்யாணத்துக்குப் படம் எடுத்தவன்தான் வளவன். இப்போது பேனரும் அடிக்கிறான். ஆல்பத்தில் சேர்க்காத படங்களையும் கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறான். அவன் அன்றைக்குச் சாப்பிடப் போனது தாலி கட்டி எல்லாம் முடிந்த பிறகாம். பந்தியில் கடைசி ஆளாக அவனுக்கு நானே பரிமாறியது எனக்கும் நினைவு வந்தது.

உன் பாவா மேடையில் நிற்கிற படம் கிடைத்தது. இரண்டு கையாலும் அட்சதைத் தட்டைப் பிடித்திருக்கிறார். அதனால்தான் அவரால் தடுக்க முடியவில்லை என்று இப்போது புரிகிறது. காதோரம் ஒரு கை. அந்தக் கையில் நீலக்கட்டம் மாஸ்க் தொங்குகிறது. கைக்குச் சொந்தக்காரரின் முகம் பெரியப்பாவின் தலைக்குப் பின்னால் மறைந்துவிட்டது. கம்ப்யூட்டரில் பார்த்தபோது யார் கை என்று சொல்ல முடியவில்லை. பேனர் அளவுக்குப் பெரிதாக்கித் தரையில் விரித்தான். சின்ன வரைபடத்தில் ஆறு தெரியும், ஓடை தெரியாது. சுவர் அளவு வரைபடத்தில் ஓடையும் தெரியும். நான் அதன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வளவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். துர்கா கல்யாணத்தில் பந்தக்கால் நட்ட அன்று மஞ்சள் துணியில் காப்புக் கட்டினோமே, யார் யாருக்குக் கட்டினோம்? பெண்ணுக்கு, மாப்பிள்ளைக்கு. தாரை வார்த்துக் கொடுக்கிறவருக்கும் கட்டுவது நம் வழக்கம். வேறு யாருக்காவது கட்டினோமா? உனக்கு நினைவு இருந்தால் எழுது. காத்திருக்கிறேன்.

நேற்றுப் பங்காரு வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். நான் பேசுவதற்கு முன்பே அவர் மனைவி எல்லம்மாள் எனக்கு நாற்காலி போட்டாள்.

உன் அக்கா,
அனுசுயா


பூனா,
30.7.2021

அக்காவுக்கு,

நமஸ்காரம். நலம். துர்காவுக்கு இது கடைசி மாதம், நீ பக்கத்தில் இருப்பது தைரியம். இந்த ஆடிக் கிருத்திகைக்கும் மலைமேல் காவடி இல்லையாமே? பூக்கடைக்காரர்கள் பாடு என்ன ஆகுமோ. இங்கே விடாத மழை. ரயிலில் இன்னும் கூட்டம் இல்லை, முன்பதிவு சுலபமாகக் கிடைக்கிறது. வீட்டுக்குத் தளம் போட்டுவிட்டார்கள். மொட்டை மாடியிலிருந்து மலை தெரியும் என்று மேஸ்திரி சொன்னார்.

பேனருக்குச் சாமி படமே நல்லது. கல்யாணப் படத்தைச் சாவுக்குப் போட்டால் துர்காவுக்கு ஆகாது என்று ஷோபனா சொல்கிறாள். என் பெயரும் வேண்டாம். தயவுசெய்து.

காப்பு விஷயம் எனக்கு நினைவில்லை. அன்றைக்கு இருந்த பரபரப்பில் எதுவுமே நினைவில்லை.

தம்பி,
ஸ்ரீதர்


திருத்தணி,
25.9.2021

அன்புத் தம்பி ஸ்ரீதருக்கு,

நானும், துர்காவும், உன் பேரனும் சுகமாக இருக்கிறோம். குழந்தைக்கு உன் மூக்கு. நீயும் ஷோபனாவும் திடமாக இருக்க வேண்டும் என்று மலையடிவாரத்தில் ஒரு கற்பூரம் ஏற்றிவிட்டு வந்து எழுதுகிறேன்.

உன் பதில் வந்தபிறகு இரண்டு மாதம் எழுதவில்லை. கோபம் இல்லை, வேலை இருந்தது. திதி கொடுத்தாயிற்று. பேனரும் வைத்தாயிற்று. நீ ஊரில் இல்லாததால் அதைப் பற்றிச் சொல்கிறேன்.

இடம் பங்காரு கொடுத்தார், மண்டபத்தின் வெளிச்சுவர். ரயிலடியிலிருந்து வருகிறவர்கள் யாரும் அதைப் பார்க்காமல் ஊருக்குள் போக முடியாது. உன் மனைக்குப் போகிறவர்களும்தான். ஷோபனா சொன்னது சரி, கல்யாணப் படத்தை முழுதாகப் போடவில்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் அதில் இல்லை. உன் பாவாவின் முகம், காதோரத்துக் கை, அதில் தொங்கும் நீலக்கட்டம், மணிக்கட்டில் மஞ்சள் காப்பு, அவ்வளவுதான். மேலே உன் வாசகம். ஒரு எழுத்தும் மாற்ற மாட்டேன் என்று அப்போதே சொன்னேன் அல்லவா? கீழே நீ அனுப்பிய படம், "மைத்துனன் ஸ்ரீதர்" என்று. நானாக ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. என் பெயர் அதில் எங்கும் இல்லை.

முதல் நாள் யாரும் கவனிக்கவில்லை. பேனர் இல்லாத சுவர் ஊரில் எது? மறுநாள் பூக்காரி தாயாரம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்றாள். பக்கத்தில் இளநீர்க் கடைக்காரர். நான் மண்டபத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"யார் கை இது?" என்றாள் தாயாரம்மாள்.

"யாருக்குத் தெரியும், மூஞ்சி தெரியலயே."

"மூஞ்சி எதுக்குய்யா? கையில காப்பு கீது பாரு. கல்யாணத்துல காப்பு கட்டிகினு நிக்கறவன் யாரு? மாப்ள. இல்லனா பொண்ணப் பெத்தவன். மாப்ள கை முடி இத்தினி நரையா இருக்குமா?"

"பொண்ணப் பெத்தவன்னா, இந்த வாத்தியாரம்மா தம்பியாச்சே."

"ஆங். அவனேதான் கீழ சிரிச்சிகினு கீறான். பேனரும் அவனே வச்சிகீறான் பாரு, நைனா."

இளநீர்க் கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். நான் ஒரு இளநீர் வெட்டச் சொன்னேன்.

அன்று மாலைக்குள் பேருந்து நிலையம்வரை போய்விட்டது. உன் மேஸ்திரி வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துவிட்டுப் போனார். சம்பந்தி ஜம்புலிங்கமும் வந்து, தன் அண்ணன் தலை படத்தில் எந்த அளவுக்கு வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார். துர்காவிடம் நானே முதலில் சொல்லியிருந்தேன். அடுத்தவர் வாயிலிருந்து அவள் கேட்கக் கூடாது. கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு குழந்தையை என் மடியில் வைத்தாள்.

தம்பி, சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள், உனக்குக் கூச்சமாகிவிட்டது, இழுத்துவிட்டாய். அந்தக் கையை நான் மன்னித்திருப்பேன். உன் பாவா மன்னித்துவிட்டுத்தான் போனார், உன் அக்கா உன்னை வெறுக்கக் கூடாது என்று பெயரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனார். "நான்தான் அக்கா" என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தால், அழுது தீர்த்துவிட்டு உனக்குச் சோறு போட்டிருப்பேன். நீ வேறொருவர் பெயரை எழுதினாய். அந்தப் பெயரைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். இப்போது அதே வீடுகளுக்குத் திரும்பப் போய்க்கொண்டிருக்கிறேன். வயசான கால், மெதுவாகத்தான் நடக்கிறது. ஆனால் ஒரு வீட்டையும் விடப் போவதில்லை. கழற்றியது பங்காரு இல்லை என்று சொல்கிறேன். பிறகு யார் என்று கேட்கிறார்கள். சுவரைப் போய்ப் பாருங்கள் என்கிறேன்.

பேனர் நல்ல துணி. மழை நனைத்தாலும் சாயம் போகாது என்று வளவன் உறுதி சொல்லியிருக்கிறான். போனால் வேறு அடித்துக் கொடுப்பானாம்.

பேரனைப் பார்க்க எப்போது வருகிறாய்? தேதி எழுது, உனக்குப் பிடித்த முருங்கைக்காய்க் குழம்பு வைக்கிறேன். ஷோபனாவையும் அழைத்து வா, அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இங்கே இப்போது யாரும் மாஸ்க் போடுவதில்லை, அதற்காக நீ போடாமல் வந்துவிடாதே. மூக்கு, வாய், தாடை எல்லாம் மூடும்படி இறுக்கிப் போட்டுக்கொண்டு ரயிலை விட்டு இறங்கு. வீடு வந்து சேரும்வரை யாருக்கும் உன்னை அடையாளம் தெரியாது.

உன் அக்கா,
அனுசுயா